என் பெயரில் ஒரு பகா எண்

மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் நலம். உன் முதுகுவலி குறைந்ததா?

நான் தேடிய பகா எண் சிக்கிவிட்டது அண்ணா! ஒரு லட்சத்து நாலாயிரம் இலக்கங்கள். இரண்டை மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான தடவை பெருக்கி, அதை ஒரு சின்ன ஒற்றைப்படை எண்ணால் பெருக்கி, ஒன்று கூட்டினால் வருவது. மூன்று வருடத்தில் பதினோராயிரம் எண்கள் பகா எண் இல்லை என்று உடைந்துபோயின. "இது கம்ப்யூட்டரா, மாவு மில்லா?" என்று உன் மாப்பிள்ளை திட்டிக்கொண்டே அதற்கு டேபிள் ஃபேன் வைத்தார்.

எண்ணில் ஒன்றைக் குறைத்து, பாதியாக்கி, ஐந்துக்கு அடுக்காகப் போட்டு, என் எண்ணாலேயே வகுத்தேன். மீதி, எண்ணைவிடச் சரியாக ஒன்று குறைவு. இந்த வகை எண் பகா எண்தான் என்பதற்கு அந்த ஒரு மீதியே நிரூபணம்.

கணக்குப் பேராசிரியர் நீ. சரிபார்த்துச் சொல்.

உன் பாசமுள்ள தங்கை

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

சரிபார்த்தேன். பகா எண்தான். பெருமையாக இருக்கிறது.

பெரிய பகா எண்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. அதற்கு நானே அனுப்புகிறேன். என் பெயர் முதலில், உன் பெயர் அடுத்து. கோபித்துக்கொள்ளாதே. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அனுப்பினால் யார் மதிப்பார்கள்? உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அண்ணன்

மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மத்தியானம் படித்தேன். சாயங்காலமே எண்ணை அனுப்பிவிட்டேன், என் பெயர் மட்டும் போட்டு.

அப்பா படுக்கையில் விழுந்த வருடம், "நீ படிப்பை விட்டு நின்னுக்கோ, நான் முடிச்சிட்டு உன்னைப் படிக்க வைக்கிறேன்" என்றாய். நின்றேன். நீ முடித்தாய். அதைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தை கேட்டேனா? இதை மட்டும் தர மாட்டேன். யார் அனுப்பினாலும் அந்த மீதி மாறாது.

நீ செய்தது சரிபார்த்தது. அந்த இடத்தில் உன் பெயர் வேண்டும். "நான் சரிபார்த்தேன், கண்டுபிடித்தது என் தங்கை" என்று ஒரு வரி எழுதி அனுப்பு. வேறொருவர் சரிபார்த்த சாட்சி வேண்டும் என்று பட்டியல்காரர்கள் கேட்கிறார்கள்.

தங்கை

மே 9

அண்ணனுக்கு,

ஏழு வாரம் பார்த்தேன். உன் வரி வரவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, ஓய்வுபெற்ற பொறியாளராம், தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நேற்று எண் பட்டியலில் ஏறிவிட்டது.

இனி வாசலில் தபால்காரரை நிறுத்திக் கேட்கப்போவதில்லை. முதுகைப் பார்த்துக்கொள். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு உண்டு, இந்தப் பேச்சு கிடையாது.

காலையில் கடை முதலாளியிடம் சொன்னேன். லென்ஸைத் துடைத்தபடியே, "அதால என்னம்மா பிரயோஜனம்?" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார். ஆனா அது என்னோடது" என்றேன்.

தங்கை