மினுங்கிய போல்ட்டுகள்

2025 பெப்ரவரி 6

பாலம் இன்னும் பிறக்கவில்லை. அதன் போல்ட்டுகளுக்கு மூப்பு வந்துவிட்டது. பூச்சில்லாதவைதான் மலிவு என்று திட்ட முகாமையாளர் சதீசன் சேர் வாங்கினார். பிறகு பீப்பாய்களைத் திறந்து, வாவிக்கரையிலேயே மாரி மழைக்கு வைத்தார். மேலே ஒரு தறப்பாள் உண்டு. அதன் வழியாக வானம் நன்றாகத் தெரிகிறது. இன்று பார்த்தால் எல்லாம் செம்மஞ்சள் துரு.

இந்த வேலைத்தளத்தின் தரப் பொறியியலாளர் என்ற முறையில் வாயைத் திறந்தேன். "சேர், திருப்பி அனுப்புவம். கம்பனியிலேயே பூச்சுப் பூசினது எடுப்பம்."

"மார்ச் கடைசியில திறப்பு விழா, கஜானி. போல்ட்டு வரும்வரைக்கும் பிரதம அதிதி காத்துக்கொண்டு இருப்பாரா?"

பாவம், அவரைக் காக்க வைக்கலாமா.

பெப்ரவரி 11

தீர்வு கிடைத்துவிட்டது. போல்ட்டுகளை அமிலத்தில் ஊறவைத்துத் துருவை எடுத்து, மின்முலாம் பூசப்போகிறார்கள். எங்கே? மோட்டார் சைக்கிள் மட்காட்டுக்கு முலாம் பூசும் பட்டறையில்.

சாதாரண போல்ட்டென்றால் நான் பேசியிருக்கமாட்டேன். இவை உயர் பலப் போல்ட்டுகள். இவ்வளவு கடினமான உருக்கை அமிலத்தில் போட்டால் ஐதரசன் உள்ளே புகுந்துவிடும். வெளியே மினுக்கம், உள்ளே நொறுங்கல். இறுக்கிச் சில நாள் போனபின் சொல்லாமல் கொள்ளாமல் தலை முறியும். முலாம் பூசியேதான் ஆகவேண்டுமென்றால், பூசின கையோடு மணிக்கணக்கில் சூட்டில் வைத்து அந்த வாயுவை வெளியேற்ற வேண்டும். சொன்னேன்.

"சூட்டில வைக்கிறதா? நாம பாலம் கட்டுறமா, பேக்கரியில பாண் போடுறமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதச் சம்பளக்காரியின் சிரிப்பு.

பெப்ரவரி 13

கொழும்பிலிருக்கும் ஆலோசகப் பொறியியலாளருக்குப் படங்களோடு வாட்ஸ்அப்பில் எழுதினேன். வாசித்துவிட்டார் என்று இரண்டு நீலக்கோடுகள் விழுந்தன, அவ்வளவுதான். நாடு பாதுகாப்பான கைகளில்.

மார்ச் 4

போல்ட்டுகள் வந்திறங்கின. காத்தான்குடி நகைக்கடையில் வைத்தால் விலைபோகும். போல்ட் இறுக்கும் குழுவுக்குத் தலைவர் ஸாஹிர், நோன்போடு வெயிலில் நின்று ஒன்றை உருட்டிப் பார்த்தார். "மிஸ், இது பாலத்துக்கா, பெருநாளைக்குப் போடவா?"

தரச் சான்றில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். சதீசன் சேரே போட்டு, போல்ட்டுகளை இறுக்கச் சொன்னார். எனக்கு உடனே பதவி உயர்வு: விழாவுக்கான மாலை, கதிரை, குளிர்பானம் எல்லாம் என் பொறுப்பு. கதிரைக் கால்களைப் பரிசோதித்தேன். நல்ல தரம்.

மார்ச் 9

விதுர்ஷா துள்ளிக்கொண்டு வந்தாள். "அம்மா, திறப்பு விழாவுக்கு எங்கட பள்ளிக்கூட பாண்ட்தான் பாலத்தில முதல் நடக்கப்போகுது. நான் முன்வரிசை, ட்ரம்!"

என் மகள். படுவான்கரையிலிருந்து தினமும் பாதையில் — மிதவைப் படகுக்கு இங்கே அதுதான் பெயர் — வாவியைக் கடந்து பள்ளிக்கூடம் போகிறவள்.

"நல்லம் மகள்" என்றேன். பிறகு குசினிக்குள் போய் அடுப்புக்கு முன்னால் சும்மா நின்றேன்.

என்ன செய்யப்போறன் நான்?

மார்ச் 24

பாலத்தடியில் மீன்பிடிக்கும் இளையதம்பி அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, உங்கட சாமான் ஒண்டு எங்கட தோணிக்குள்ள விழுந்து கிடக்கு. மினுங்கின மினுக்கத்துக்கு நான் மீனெண்டெல்லோ நினைச்சன்."

போல்ட் தலை. முறிந்த இடத்தில் வளைவில்லை, இழுபட்ட அடையாளமில்லை. கற்கண்டை உடைத்தது போல மணிமணியாக இருந்தது. சதீசன் சேரிடம் காட்டினேன்.

"ஒண்டுதானே கஜானி. மிச்சமெல்லாம் கிடக்குதானே."

கிடக்கிறது. இளையதம்பி அண்ணனின் தலையும் கிடக்கிறது, தோணி ஒரு முழம் தள்ளி நின்றதால்.

மார்ச் 26

காலையில் ஸாஹிரும் நானும் பாலத்தில் ஏறினோம். அவர் சுத்தியலால் ஒவ்வொரு மூட்டாகத் தட்டிக்கொண்டு போனார். சில போல்ட்டுகள் கணீரென்றன. சில தலைகள் தட்டியதும் பறந்தன. ஒன்று அவர் காதோரமாகப் போனது. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"என்ட ஆக்கள இனி இதுக்குக் கீழ நிக்க விடமாட்டன் மிஸ்."

"நாளைக்கு என்ட மகள் இதுக்கு மேல வாறாள்" என்றேன்.

கயிறு கட்டி மறிப்போம் என்றேன். "கயிறெண்டா அறுத்துப்போட்டுப் போயிருவாங்க. இரும்ப வெச்சி ஒட்டிருவம்" என்றார் ஸாஹிர். பாலத்தின் இரண்டு வாசலிலும் கோண இரும்பைக் குறுக்கே வைத்து வெல்டிங் செய்தார். 'கட்டளை: கஜானி, தரப் பொறியியலாளர்' என்று பலகை எழுதி நானே தொங்கவிட்டேன்.

சதீசன் சேர் ஓடிவந்தார். "உங்கட வேலை முடிஞ்சுது, கஜானி!"

"ஓம் சேர். கதிரையெல்லாம் போட்டாச்சு."

கோண இரும்பை வெட்டச் சொன்னார். "காஸ் முடிஞ்சிட்டு சேர்" என்றார் ஸாஹிர், நிறைந்த சிலிண்டரில் கையை ஊன்றிக்கொண்டு.

மார்ச் 27

பிரதம அதிதி வந்தார். நேற்றுப் பொறுக்கிய போல்ட் தலைகளை ஹெல்மெட்டோடு கொண்டுபோய், மாலைத் தட்டுக்குப் பக்கத்தில் கொட்டினேன். "இதெல்லாம் பாலத்திலருந்து விழுந்தது ஐயா." சதீசன் சேருக்கு இருமல் வந்தது. அதிதி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். வைத்தார். அதற்குப் பிறகு பாலத்தின் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. பொறியியல் படிக்காமலே விளங்கிக்கொண்ட ஒரே மனிதர்.

நாடா வெட்டப்பட்டது. பின்னால் கோண இரும்பு அப்படியே. கைதட்டல். வாத்தியக் குழு கரையில் நின்றபடியே வாசித்தது.

வீட்டில் விதுர்ஷா முகம் கொடுக்கவில்லை. கடைசியில்தான் வெடித்தாள். "எல்லாரும் சொல்றாங்க, உன்ட அம்மாதான் பாலத்தப் பூட்டினதெண்டு!"

சோறு போட்டேன். தொடவில்லை.

ஏப்ரல் 22

விழாவுக்குப் பிறகு போல்ட் தலைகளை அனுப்பியிருந்த ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்தது. ஐதரசன்தான். அத்தனை போல்ட்டையும் கழற்றி எறிய வேண்டும். கொழும்பு ஆலோசகர் நேரில் வந்து, தொடக்கத்திலிருந்தே தனக்குக் கவலை இருந்ததாகச் சொன்னார். நீலக்கோடுகளில் அந்தக் கவலையை நான்தான் கவனிக்கவில்லை.

சதீசன் சேரைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துவிட்டார்கள். குளிரூட்டிய அறையாம். என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை, புதிய போல்ட்டுகளுக்குக் கையெழுத்துப் போட ஓர் ஆள் வேண்டுமே.

ஜூன் 3

புதியவை வந்தன. அமிலம் தொடாமல் துருவகற்றி, தொழிற்சாலையிலேயே துத்தநாகத் துகள் பூசியவை. மூடிய பீப்பாயில், ஒழுகாத கூரையின் கீழ் வைத்திருக்கிறோம். மங்கிய சாம்பல் நிறம்.

"இத ஒருத்தரும் படம் புடிக்கமாட்டாங்க மிஸ்" என்றார் ஸாஹிர்.

ஜூலை 14

பாலம் இன்று திறந்தது. விழா இல்லை, ஒரு பாலத்துக்கு ஒரு நாடாதான் ஒதுக்கீடாம். காலையில் தடையை எடுத்ததும் மீன்பெட்டி கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் மணியடித்துக்கொண்டு போனார். பின்னால் பள்ளிப் பிள்ளைகள் கூச்சலோடு ஓடினார்கள்.

விதுர்ஷா மட்டும் வாசலில் நின்றாள். தோழிகள் கூப்பிட்டார்கள், போகவில்லை. என்னைத் தேடிப் பக்கத்தில் வந்தாள்.

"அம்மா, இப்ப போகலாமா?"

"ஓம் மகள். போகலாம்."