அவன் பெயருக்கு வந்த செம்பு வாஷர்

சாலவாக்கம்
9-7-61

அன்பு மகன் துரைக்கு நைனா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஜபல்பூரில் மழை பிடித்திருக்கும், ஈரத் துணியோடு ஒர்க்‌ஷாப்பில் நிற்காதே. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. ஆடு இரண்டு குட்டி போட்டது. மில் லாரிகள் இரண்டும் ஓடுகின்றன, பழையதை நானும் புதியதை உன் கூட்டாளி வீராசாமியும் ஓட்டுகிறோம். போன வாரம் இரண்டுக்கும் இஞ்சின் ஆயில் மாற்றினோம். என் வண்டியில் ஆயில் வடிக்கிற ஓட்டையை அடைக்கும் ட்ரெயின் பிளக்கின் வாஷர் நசுங்கிக் கிடந்தது, எப்போதும்போல அதன் மேலேயே கோணி நூலைச் சுற்றி, சோப்பைத் தேய்த்து முடுக்கினேன். மறுநாள் என் லாரிக்கு அடியில் கறுப்பாக ஒரு வட்டம். வீராசாமி லாரிக்கு அடியில் காய்ந்த மண். வீராசாமி குனிந்து பார்த்துவிட்டு, இன்னா மாமா, உம் வண்டி நின்ன எடத்துலயே ஒண்ணுக்கு வுட்டுக்கினு கீது என்றான். மில்லே சிரித்தது. நானும் சிரித்தேன்.

உன் வண்டி மட்டும் எப்படியடா என்று கேட்டேன். தொர அனுப்பிச்சான் மாமா, செம்பு வாஷரு, ஆயில் மாத்தறப்பல்லாம் புச்சு போடணுமாம் என்று ஒரு பொட்டலத்தைக் காட்டினான். மேலே உன் கையெழுத்து. அவன் பெயர். பிறகு நான் வாஷரைப் பார்க்கவில்லை. எனக்கு வரும் கார்டில் உன் எழுத்து சாய்ந்து ஓடும். இதில் நிதானமாக, குண்டு குண்டாக இருந்தது. உனுக்கு ஒண்ணு இந்தா மாமா என்று நீட்டினான். வேண்டாம் என்றேன். என் பழைய வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தேன், செம்பு இளகும் அல்லவா. சோறாக்கற அடுப்புல இன்னாத்த வேக வெக்கிற என்று அம்மா கத்தினாள். மாட்டிப் பார்த்தேன். ஒழுகல் குறைந்தது. நிற்கவில்லை. வீராசாமி நல்லவன்தான், அம்மாவுக்குத் தைலம் வாங்கி வந்து கொடுத்தவனும் அவன்தான். அதனாலேயே அவனைக் கண்டால் எனக்கு இன்னும் ஆகவில்லை. அவன் வண்டி வெளியே போனதும் அது நின்ற இடத்தைப் போய்ப் பார்க்கிறேன், ஒரு சொட்டாவது இருக்குமா என்று. இதுவரை இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் கைகளைக் காக்கட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். மறக்காமல் எனக்கு ஒரு வாஷர் அனுப்பு. அவன் பொட்டலத்தோடு சேர்த்து வேண்டாம். தனியாக, என் பெயர் எழுதி. அளவு தப்பினாலும் பரவாயில்லை.

உன்னைப் பெற்ற நைனா,
ஞானதாஸ்