ரவுட்டருக்குத் தைத்த சட்டை

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நான், அப்பா, உன் தங்கை, நாலு தையல் மிஷின் எல்லோரும் எண்ணெய் போட்ட மாதிரி நலமாக ஓடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நூல் அறுந்துபோகாமல் ஓடிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். எனக்கு வலது கட்டைவிரலில் ஊசி ஏறிவிட்டது, பயப்படாதே, சந்தோஷத்தில் ஏறிய ஊசிதான். அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை வாலு எழுதுகிறாள். சொன்னதை மட்டும் எழுது, உன் கைச்சரக்கைச் சேர்க்காதே என்று கண்டித்திருக்கிறேன். (சேர்க்கவே மாட்டேன் அண்ணா. அடைப்புக்குறிக்குள் இருப்பதெல்லாம் சரக்கில்லை, சத்தியம். – வாலு)

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், நாம் ஜெயித்துவிட்டோம். போன மாதம் தெருமுனையில் புதிதாக ஒரு தையல் பயிற்சி நிலையம் திறந்தார்கள். சுவர் அகலத்துக்குத் திரை, அதில் இன்டர்நெட் வழியாகப் பாடம் ஓடுமாம், ஏசி வேறு. என் வகுப்பு எப்படி என்று உனக்குத் தெரியும். எட்டுப் பேரும் ஒரே மேஜையைச் சுற்றி நின்று என் விரலை எட்டிப் பார்க்க வேண்டும். முன்னால் நிற்பவளுக்கு ஊசி தெரியும், பின்னால் நிற்பவளுக்கு முன்னால் நிற்பவளின் பின்னல்தான் தெரியும். ஆஸ்பத்திரி வேலை முடித்து ஓடி வருவாளே கண்ணாடிக்காரி, அவள்தான் எல்லோருக்கும் சேர்த்து வந்து பேசினாள். அக்கா கோவிச்சுக்காதீங்க, சனிக்கிழமை வரைக்கும் பாக்குறோம், அப்புறம் எட்டுப் பேரும் அங்க சேந்துடலாம்னு இருக்கோம் என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை, அவள் சொன்னது சரிதானே. பதினாறு வருஷ வகுப்பு, ஒரே சனிக்கிழமையில் காலி.

பாடம் என்னிடமும் இருந்தது. காலர், ஜிப், காஜா என்று முப்பத்தொரு பாடத்துக்கு என் கையை மட்டும் வாலு படம்பிடித்து ஒரு பென்டிரைவில் வைத்திருந்தாள். ஆனால் டிவி முன்னறையில், மிஷின் பின்னறையில். அப்பா தன் பஸ் டிப்போ நண்பர் ஒருவர் மூலம், ஏதோ பள்ளிக்கூடம் கழித்துக் கட்டிய நாலு டேப்லெட்டைத் தேடிக் கொண்டுவந்தார். மிஷினுக்கு ஒன்று, ரெண்டு பேருக்கு ஒன்று. (நாலு டேப்லெட்டும் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டேன், அப்பா துரத்தினார்.) மீதி இருந்தது நீ வாங்கி வைத்துவிட்டுப் போன அந்த ரவுட்டர். அதன் முதுகில் பென்டிரைவைச் செருகினால் இன்டர்நெட் இல்லாமலே வீட்டுக்குள் எல்லா டேப்லெட்டிலும் படம் ஓடும் என்றாயே. யாரும் கை வைக்காதீங்க, அடுத்த லீவுக்கு நானே வந்து செட் பண்றேன் என்றும் சொன்னாய். மூன்று லீவு வந்து போய்விட்டது, நீதான் வரவில்லை.

பெரியவன் வரட்டும் என்று அப்பா வழக்கமான பாட்டைப் பாடினார். நான் கேட்கவில்லை. புதன்கிழமை வாலு போனிலேயே ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, மீடியா சர்வர் என்று இருந்ததை முடுக்கி, நாலு டேப்லெட்டிலும் ஒரு பிளேயரை இறக்கினாள். நாலிலும் ஒரே நேரத்தில் என் கை! எனக்கு எட்டுக் கை முளைத்த மாதிரி இருந்தது. சரியாகப் பன்னிரண்டு நிமிஷம். பிறகு நாலும் நின்றுபோய் நடுவில் வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது. மிஷினில் நூல் பாபின் சுற்றினால் சட்டையாவது கிடைக்கும், இந்த வட்டம் சுற்றி எனக்குத் தலைதான் சுற்றியது. கொஞ்ச நேரம் விட்டால் ஓடும், மறுபடி பன்னிரண்டு நிமிஷத்தில் படுத்துவிடும். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் இதே கதை. வாலு படத்தின் அளவைக் குறைத்தாள், பாஸ்வேர்டை மாற்றினாள், டேப்லெட்டை ரவுட்டர் இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். (வயர் இல்லாத வேலைக்கே வியர்த்துக் கொட்டிவிட்டது.) உனக்குப் போன் போட்டோம், மீட்டிங்கில் இருக்கேன், விடும்மா, நான் வந்து பாக்குறேன் என்று ஒரு வரி அனுப்பினாய். அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பிடிவாதம் ஏறியது.

சனிக்கிழமை, வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னால், படம் எட்டு நிமிஷம் ஓடியிருக்கும், என் மூக்கில் ஒரு வாசனை. வெல்வெட்டின் மேல் இஸ்திரிப் பெட்டியை ஒரு நொடி கூடுதலாக வைத்துவிட்டால் வருமே, அதே வாசனை. பெட்டியோ அணைந்து கிடக்கிறது. மோந்துகொண்டே போனால் அலமாரித் தட்டில் ரவுட்டர்! உனக்குத்தான் தெரியுமே, இந்த வீட்டில் நான் உறை தைக்காத பொருள் கிடையாது. டிவி, மிக்ஸி, வாஷிங் மெஷின், உன் பெட்டி வரைக்கும். நீ வரும்வரை தூசி படக்கூடாதென்று இதற்கும் வெல்வெட்டில், உள்ளே ஸ்பான்ஜ் வைத்து, ஓரத்தில் லேஸ் கொடுத்து, ரெண்டு ஆண்டெனாவுக்கும் குல்லா, பின்னால் வயர் நுழைய அழகாகக் காஜாத் துளை என்று தைத்துப் போட்டிருந்தேன். அந்தக் காஜா வழியாகத்தான் வாலு பென்டிரைவைச் செருகியிருக்கிறாள். சும்மா இருந்தவரை தாங்கிய பிள்ளை, நாலு டேப்லெட்டுக்கு ஓடியதும் சட்டைக்குள் மூச்சுமுட்டிப் படுத்துவிட்டது. தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றி. தையல் பிரிக்க நேரமில்லை, பெரிய கத்திரியை எடுத்து ஒரே இழுப்பு. (அம்மா தைத்ததை அம்மாவே வெட்டி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை அண்ணா.)

பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். ரெண்டு மணி நேரம், ஒரு தடவைகூட வட்டம் வரவில்லை. கண்ணாடிக்காரி காலர் மூலை திருப்பும் இடத்தை நாலு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்து, ஐந்தாவது தடவை தானே திருப்பினாள், ஊசி மாதிரிக் கூராக வந்தது. அக்கா, உங்க விரல் எனக்கு மட்டும் சொல்லிக்குடுக்கிற மாதிரி இருக்கு என்றாள். நடுவில் தெரு முழுக்க இன்டர்நெட் போய்விட்டது. தெருமுனைப் பெரிய திரை கருத்துப்போய், அங்கிருந்த பெண்கள் வாசலில் நிற்கிறார்கள், நம் வீட்டில் பாடம் எட்டு ஜம்மென்று ஓடுகிறது! எட்டுப் பேரும் இங்கேதான் என்று சொல்லிவிட்டார்கள், தெருமுனையிலிருந்து இருவர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு கறை. வாய் அகலமான பை தைப்பது எப்படி என்று ஒரு பாடம் இருந்தது, திறந்தால் உன் அப்பா வாயைப் பிளந்து குறட்டை விடுகிறார். யார் வேலை என்று சொல்ல வேண்டுமா? (தலைப்பு பொருத்தம்தானே?) அதையும் மறந்து அப்பா டிப்போவில் நாங்கதான் செட் பண்ணோம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் செய்தது, அலமாரியில் சாத்திய, யாரும் ஏறாத ஏணியை மூன்று நாள் பிடித்துக்கொண்டு நின்றது. நான் மட்டும் என்ன, அந்தக் குதூகலத்தில் தைக்க உட்கார்ந்துதான் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டேன். ஆண்டெனாக் குல்லா ஒன்று கட்டைவிரலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது.

நீ மடிக்கணினியைப் போர்வைக்குள் வைத்து வேலை செய்யாதே, அதற்கும் மூச்சு வேண்டும், உனக்கும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையாவது கதவைத் திறந்து வெளியே நட. சட்டை அளவு அனுப்பச் சொன்னேன், மறக்காதே, இளைத்திருந்தால் டேப் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்த லீவுக்கு ரவுட்டருக்காக நீ வர வேண்டாம். இங்கே உனக்கென்று ஒரு வேலையும் பாக்கி இல்லை. அதனால் சும்மா வா. எடுத்ததெல்லாம் கைகூடி, நீண்ட ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இடது கையால் கோணலாகக் கையெழுத்திடும்
உன் அம்மா

(சும்மா வா என்பதை அம்மா மூன்று தடவை சொன்னாள். சரக்கு சேர்க்கக் கூடாதாமே, ஒரு தடவைதான் எழுதியிருக்கிறேன். – வாலு)