“சோரு”, பதினெட்டு நிமிடம்

என் அன்புக்குரிய றிஸ்வானாவின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் அடங்கியிருக்கும் மையவாடியின் மதிலுக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போகும் ஸலாத்தை இன்று எழுதிச் சொல்கிறேன். எழுத்தில் இருந்தால் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

முதலில் ஒரு திருத்தம். நம் வீட்டிலிருந்து சேர்ச் மணி கேட்கிறதாம். நீங்கள் போன கவலையில் எனக்குப் புத்தி தடுமாறி, படித்த கொன்வென்ட்டின் நினைவில் நானே மணியடித்துக்கொண்டு வீட்டுக்குள் திரிகிறேனாம். கல்முனையில் இப்படி ஒரு கதை உலாவுகிறது. மணி கேட்பது உண்மை. மற்றதெல்லாம் பிழை. அது உங்கள் லெப்டொப்பில் ஓடும் டைமர். நேரத்தைக் கொடுத்தால் பின்னோக்கி எண்ணி, பூச்சியம் வந்ததும் மணியடிக்கும் ஓர் இணையப் பக்கம். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊருக்குத்தான் விளக்குகிறேன்.

கதையைத் தொடக்கியவர் உங்கள் தங்கை ஜெஸீமா. நீங்கள் மௌத்தாகி ஒரு வருடம் நிறைந்ததற்கு ஓதும் கத்தத்துக்கு ஆட்களை அழைத்திருந்தேன். முன் அறையில் ஓதிக்கொண்டிருக்கிறார்கள், அடுப்பில் வட்டிலப்பம் அவிகிறது. டைமரில் நாற்பது நிமிடம் வைத்திருந்தேன். ஓதலின் நடுவே மணி அடித்தது. மௌலவி நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன மதினி, சேர்ச் மணி மாதிரிக் கேட்குது?” என்றாள் ஜெஸீமா, எல்லோருக்கும் கேட்கும்படி.

“வட்டிலப்பம் வெந்திட்டு,” என்றேன்.

“அப்ப நாங்களும் சுறுக்கா முடிப்பம்,” என்றார் மௌலவி. எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு என்மீது ஏற்கெனவே ஒரு கோபம் இருந்தது. அவள் போன் எடுத்தால் நான் டைமரில் பத்து நிமிடம் வைப்பேன். மணி அடித்ததும், “மணி அடிச்சிட்டு புள்ள, வைக்கிறன்” என்று வைத்துவிடுவேன். அவள் பேச்சுக்கு வேறு எல்லை இல்லை என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்?

பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று கத்தத்துக்கு வர முடியாத நம் மகள் றிஸ்வானாவுக்கு, கொழும்பில் இருந்தபடியே இந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. “உம்மா மணி அடிச்சிட்டு இரிக்காவாம் எண்டு மாமி சொல்றா. மறுகா என்ன நடக்கும்? அடுத்த மாதம் வேன் கொண்டு வாறன். நீங்க இஞ்ச வாங்க, வீட்ட வாடகைக்குக் குடுப்பம்,” என்றாள். சொல்லும்போதே அழுதாள். அவள் அழுதால் நான் எதற்கும் ஓம் என்றுவிடுவேன் என்பது அவளுக்கும் தெரியும். வீடு அவள் பேரில். கலியாணத்துக்கு நாம்தான் எழுதிக் கொடுத்தோம். முடிவு சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது. அதனால்தான், மணியைப் பற்றியும் அதற்கு முன் நடந்ததைப் பற்றியும், நான் மறைத்ததையும் சேர்த்து, எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

நீங்கள் மௌத்தான பிறகு நான் வெளியே இறங்காமல் இத்தா இருந்த நான்கு மாதமும் பத்து நாளும் சொந்தக்காரர்கள் சமைத்துத் தந்தார்கள். இத்தா முடிந்து, “இனி என் அடுப்பை நானே பார்ப்பேன்” என்று எல்லோரையும் அனுப்பினேன். ஒரு மாதத்தில் மூன்று சட்டி எரிந்தது. மூன்றாவது, குழம்பு வற்றிக் கருகிய மீன் ஆணம். நான் முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் ஒன்று இருக்கிறது என்பது என் தலையில் இல்லவே இல்லை. புகையைக் கண்ட பக்கத்து வீட்டார் குசினிக் கதவின் கொளுக்கியை உடைத்து உள்ளே போனார்கள். அடுப்புப் பிழை என்றேன். காஸ் அடுப்பில் பிழை இருக்கவில்லை.

அந்த வாரம்தான் உங்கள் லெப்டொப்பைத் திறந்தேன். மகளின் பழைய பொருள், அவளிடமே திருப்பிக் கொடுக்கலாம் என்று இயர்போன் வயரைக் கழற்றி எடுத்தேன். நீங்கள் கடைசியாகப் பார்த்த பக்கம் அப்படியே வந்து நின்றது. பெரிய எழுத்தில் எண்கள். ஓரத்தில் ஒரு பட்டியல். முதல் வரி: சோரு 18.

சோறு என்ற சொல்லுக்கு எந்த ‘று’ என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? திருத்தலாம் என்று அந்த வரியை அழுத்தினேன். எழுத்து மாறவில்லை. எண் குறையத் தொடங்கியது. எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை, ஓடட்டும் என்று விட்டுவிட்டு எழுந்து போய் அரிசியைக் கழுவி அடுப்பில் வைத்தேன். பிறகு அலுமாரியை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். அரிசியும் மறந்தது, லெப்டொப்பும் மறந்தது. திடீரென்று வீட்டுக்குள் மணி அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், சோறு பதமாக வெந்திருந்தது.

அப்போதுதான் மற்ற வரிகளை வாசித்தேன். பால் 6. மீன் ஆணம் 12. தண்ணி மோட்டர் 25. அவ கண் மருந்து 5. எல்லாவற்றுக்கும் கீழே, அவ குளிக்க 15.

திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்தேன், உங்கள் கதிரையில் இருந்தபடி.

கடைசி இரண்டு வருடமும் ஒரு காதில் இயர்போன் வயரோடுதானே அதில் உட்கார்ந்திருந்தீர்கள்? கிரிக்கெட் கேட்கிறீர்கள் என்று எவ்வளவு ஏசினேன். மெட்ச் இல்லாத நாளிலும் வயர் தொங்கியதை நான் யோசிக்கவில்லை. குசினிப் பக்கம் திரும்பி, “சோறு மணக்குது புள்ள, வெந்திட்டுப் போல, பாரு,” என்பீர்கள். உங்கள் மூக்கை ஊரெல்லாம் புகழ்ந்தேன். அது மூக்கு இல்லை, பதினெட்டு நிமிடம்.

குளியலறைக் கதவில் வந்து தட்டுவீர்கள்.

“துவாய் எடுத்தயா புள்ள?”

“எடுத்தன். நான் என்ன சின்னப் புள்ளையா?”

“ஓம் ஓம். சும்மா கேட்டன்.”

நாள் தவறாமல் அதே கேள்வி. வயதாகிவிட்டது, கேட்டதையே கேட்கிறார் என்று நான் உங்களுக்காக இரக்கப்பட்டேன். உள்ளே விழுந்து கிடக்கிறேனா என்று பார்க்கத்தானே வந்தீர்கள்?

எனக்கு மறதி தொடங்கியது உங்களுக்கு எப்போது தெரியும்? பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த நாளிலா? அன்றும் நான் அடுப்பைத்தான் குற்றம் சொன்னேன். நீங்கள் ஆள் கூப்பிட்டு, நன்றாக இருந்த ரெகுலேட்டரைக் கழற்றிப் புதிதாகப் போட்டீர்கள். என் பொய்க்கு ஒரு ரெகுலேட்டர் வாங்கிய மனிதர் நீங்கள். வேலை செய்த காலமெல்லாம் வாய்க்கால் கதவருகே நின்று, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துத் திறந்து மூடியவர். ஓய்வு பெற்றும் எனக்காக அதே வேலையைப் பார்த்திருக்கிறீர்கள், எனக்கே தெரியாமல்.

“உனக்கு மறதி வந்திட்டு” என்று ஒரு தடவை சொல்லியிருந்தால், நான் உங்களோடு ஒரு கிழமை பேசியிருக்க மாட்டேன். அதுவும் உங்களுக்குத் தெரியும். அல்லாஹ் நீங்கள் அடங்கிய கப்ரை விசாலமாக்கட்டும். இதற்கு நன்றி சொல்ல உயிரோடு இருந்தபோது எனக்கு வாய்ப்பே தரவில்லை நீங்கள்.

லெப்டொப் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு நாள் திருத்தும் கடைக்குக் கொண்டு போனேன். “எல்லாத்தையும் அழிச்சிப்போட்டுப் புதுசு மாதிரித் தாறன் உம்மா,” என்றார் கடைக்காரர். அந்தப் பட்டியல் இருக்குமா என்று கேட்டேன். அது அந்த பிரவுசருக்குள் மட்டும்தான் இருக்கிறதாம், போனால் போனதுதானாம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மெதுவாகவே ஓடட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

இப்போது நன்றாகப் பழகிவிட்டேன். பக்கத்தை மூடக் கூடாது, மூடியை இறக்கக் கூடாது, சார்ஜ் குறையக் கூடாது. முதல் கண் மருந்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் சரியாக ஐந்து நிமிடம். முன்பு குத்துமதிப்பாக விட்டதில் டொக்டரிடம் ஏச்சு வாங்கியவள், போன முறை பாராட்டு வாங்கினேன். தண்ணீர்த் தாங்கி நிரம்பி மதில் வழியே ஓடுவதில்லை. முற்றத்தில் நடக்கப் பத்து நிமிடம் வைக்கிறேன். அந்த மணி கேட்ட நாள் முதல் ஒரு சட்டியும் எரியவில்லை. எழுத்தை எப்படித் திருத்துவது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். ஆனாலும் ‘சோரு’ அப்படியே இருக்கிறது. வாழ்க்கையில் நான் திருத்தாமல் விட்ட ஒரே எழுத்துப் பிழை அதுதான்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. அந்தப் பக்கத்தில் சேவல் இருக்கிறது, விசில் இருக்கிறது, போன் அடிக்கும் சத்தம் இருக்கிறது. எல்லாம் இருக்க, மணியை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்? கலியாணம் முடித்த புதிதில், “கொன்வென்ட்காரி மணியடிச்சாத்தான் எழும்புவா” என்று உங்கள் உம்மாவிடம் சொல்லிச் சிரித்தீர்களே, அந்த ஞாபகமா? இனி ஒரு நாள் நீங்கள் போகவேண்டி வந்தால், வயரைக் கழற்றியதும் வீட்டுக்குள் கேட்பது எனக்குப் பழகிய சத்தமாக இருக்கட்டும் என்றா?

வயரைத் திரும்பப் போடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். சேர்ச் மணி என்ற கதையும் நின்றுவிடும், என் மறதியும் யாருக்கும் தெரியாது. போடவில்லை. நீங்கள் எனக்காக மறைத்தீர்கள். எனக்கு நானே மறைத்தால் மறுபடியும் கொளுக்கி உடையும்.

ஆகவே உங்களிடம் ஒரு வாக்குத் தருகிறேன். மணியை ஊர் கேட்கும்படியே வைத்திருப்பேன். அதையும் மீறி இன்னொரு சட்டி எரிந்தால், அடுப்பைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்கே நானே மகளுக்குப் போன் எடுத்து, வேன் கொண்டு வா என்று சொல்வேன். அதுவரை இந்த வீட்டில், உங்கள் கதிரைக்குப் பக்கத்தில் இருப்பேன்.

உங்கள் துஆவை வேண்டி நிற்கும் மனைவி,
றிஸ்வானாவின் உம்மா

மகளுக்கு: உன் வாப்பாவுக்கு எழுதியதை நீயும் வாசித்திருப்பாய். நான் இங்கேயே இருக்கலாமா, இல்லையா? போனில் வேண்டாம், போனில் நீ அழுவாய், நான் ஓம் என்றுவிடுவேன். வேன் பிடிப்பதற்கு முன் உன் பதிலை எழுத்தில் அனுப்பு.