அப்பா அறுத்த கட்டை

அன்புள்ள தங்கச்சிக்கு,

அப்பாவின் பழைய துப்பாக்கி பாதி விலைக்குக்கூடப் போகாது. இன்று கடைக்காரர் பார்த்துச் சொன்னது இது. "குழல் தங்கம் சார். ஆனா எந்தப் புண்ணியவானோ தோள்ல வைக்கிற கட்டையை ரெண்டு விரக்கடை அறுத்துட்டான். வளந்தவங்களுக்கு இது சரிப்படாது."

அப்பாதான் அறுத்தார் என்றேன். உனக்கு அப்போது பத்து வயது. தோளில் வைத்தால் விசைக்குக் கை எட்டவில்லை என்று அழுதாய். அதற்குப் பிறகு அவருக்கு அது தோளில் பொருந்தவே இல்லை.

போனில் நீ, "எனக்குன்னு அவர் என்னண்ணா செஞ்சாரு? வித்துட்டு என் பங்கை அனுப்பு" என்றாய். சாவுக்கு ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.

புதுக் கட்டை போட்டால் நல்ல விலை வருமாம். பழையதைத் தூக்கிப் போடலாமா என்றார் கடைக்காரர். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வெள்ளிக்கிழமை வரை பொறுப்பார்.

அண்ணன்