தலையணைக்குள் இருந்தது

ஜனவரி 9

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். தொழில் வளர யோசனை கேட்டீர்கள். மனதில் பட்டதை எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் கடையைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. விற்க வைத்த மெத்தைமேல் உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள். உங்கள் எண்ணெய்க் கை பட்ட இடத்தை ஓர் அம்மாள் தடவிப் பார்த்துவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டே படி இறங்கினாள். முதலில் அதை நிறுத்துங்கள். பத்துத் தினுசு வேண்டாம். தலையணை மட்டும் போடுங்கள். சின்ன முதல், சீக்கிரம் கைமாறும். வந்தவர்களிடம் எதிர்க்கடைக்காரனைத் திட்டாதீர்கள், கேட்கவே கூசுகிறது. எதையும் உங்கள் வீட்டில் இருக்கும் என் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்டுச் செய்யுங்கள். அவளுக்குத் தொழில் தெரியும். என் கடைப் பெயரையே பலகையில் எழுதிக்கொள்ளலாம். பெயர் பத்திரம்.

உங்கள் மச்சான்

மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் வாய் முகூர்த்தம், தலையணை நிற்காமல் போகிறது. புதிதாக விடுதி கட்டியவர் ஒரே மூச்சில் நூற்றைம்பது கேட்டு வாங்கிப்போனார். விலையையும் குறைத்துவிட்டேன். எப்படி என்று கேட்காதீர்கள், தொழில் ரகசியம். உங்களுக்கும் அக்காவுக்கும் இரண்டு அனுப்பியிருக்கிறேன். தலை வைத்துப் பார்த்துவிட்டு ஒரு நல்ல வார்த்தை எழுதுங்கள். இதுவரை திட்டு மட்டும்தான் வந்திருக்கிறது.

அன்பு மறவாத
மாப்பிள்ளை

மார்ச் 11

மாப்பிள்ளை,

நான்கு நாள் தலை வைத்துப் படுத்தேன். என் வீட்டுக்காரிதான் முதலில் மூக்கைச் சுளித்தாள்: “இதுல யாரோ ஏற்கெனவே படுத்து எழுந்திருக்காங்க.” கிண்டல் என்று நினைத்தேன். தையலைப் பிரித்தேன். மேலே இரண்டு விரல் கனத்துக்கு வெள்ளைப் பஞ்சு. அதன் கீழே மஞ்சள் கட்டிகள். நரைமுடி, செம்பட்டை முடி. யாருடைய புண்ணிலிருந்தோ உரிந்த பிளாஸ்திரி ஒன்று. குமட்டிக்கொண்டு வந்தது. மூன்று தரம் குளித்துவிட்டேன், கன்னம் இன்னும் கூசுகிறது. எந்த ஆஸ்பத்திரிக் குப்பை இது? குழந்தைகள் முகம் புதைத்துத் தூங்குகிற பொருள். இதற்கா என் பெயர்? பலகையை இறக்குங்கள். இனி எனக்கு எழுத வேண்டாம்.

மார்ச் 17

மச்சானுக்கு,

எழுதாமல் இருக்க முடியவில்லை. அது ஆஸ்பத்திரிக் குப்பை இல்லை. வீடுகளில் கழித்துப்போட்ட பழைய மெத்தைகள். தப்புத்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யோசனை என்னுடையது இல்லை. தங்கையைக் கேட்டுச் செய்யச் சொன்னீர்கள், கேட்டேன். அவள் சொன்ன வழிதான் இது. இப்போது நீங்கள் திட்டி எழுதிய கடிதத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். தையல் மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: “முதல் வருஷம் அண்ணன் கடைக்குப் பஞ்சு எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க. உட்கார்ந்து முடி பொறுக்கினது நான். அப்ப எனக்குப் பதிமூணு வயசு. அவருக்குக் குமட்டல் இப்பத்தான் வருதா?”

அவளுக்குப் பதிலை நீங்களே எழுதுங்கள்.

மாப்பிள்ளை

மார்ச் 20

மாப்பிள்ளைக்கு,

அவள் சொன்னது உண்மை. பதினோரு பழைய மெத்தை. அதில் ஒன்று, ஒருவர் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து செத்துப்போனது. அதை அவளிடம் சொல்லாமல்தான் பிரிக்கக் கொடுத்தேன். அவள் கை முழுக்கச் சிரங்கு வந்தது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன், அம்மாவும் நம்பினாள். உழைத்து மேலே வந்தவன் என்று இருபது வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். உங்கள் தலையணையைப் பிரித்ததுமே அந்த நாற்றம் எனக்கு அடையாளம் தெரிந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தம்.

வியாழக்கிழமை நல்ல பஞ்சோடு வண்டியில் வருகிறேன். விடுதிக்காரரிடம் நானே உள்ளதைச் சொல்கிறேன். விற்ற ஒவ்வொன்றையும் திருப்பி வாங்கிப் புதிது கொடுப்போம். பெயர் கெடும். கெடட்டும், உள்ளே இருந்ததுதானே வெளியே வருகிறது. பழைய பஞ்சை நீங்களும் நானும் அள்ளி எரிப்போம். தங்கை அதைத் தொட வேண்டாம். நான் வந்து நிற்கும்போது அவள் மிஷினை நிறுத்தாவிட்டால், நிறுத்தச் சொல்லாதீர்கள்.

அவளுடைய அண்ணன்