அசனத்துக்குக் கொதித்த தண்ணீர்

1993 ஏப்ரல் 20, செவ்வாய்

காலையில் லில்லிக்குட்டியக்கா மீன் கொண்டு வரவில்லை. பூவாரிலிருந்து மழையிலும் வெயிலிலும் கூடையோடு வருகிறவள். அம்மா பருப்பு வைத்தாள். நெய்யாற்றின்கரை டியூட்டோரியலில் வகுப்பு எடுத்துவிட்டு வரும்போது பஸ்ஸில் ஒரு பெண் சொன்னாள்: கடப்புறத்தில், மீனவர் கரையில், வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆட்கள் விழுகிறார்களாம். லில்லிக்குட்டியக்காவின் தம்பி நிக்கோலஸ் இறந்துவிட்டானாம். கட்டுமரத்தை ஒற்றை ஆளாக இழுத்துக் கரையேற்றுகிறவன். சாயங்காலம் தொடங்கி, விடியுமுன் போய்விட்டான்.

அப்படிக் கொண்டுபோவது எது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன்.

ஏப்ரல் 22, வியாழன்

அப்பா பேப்பரைச் சத்தமாக வாசித்தார். எனக்காக. "காலரா அல்ல, கோடைக்கால வயிற்றுக் கோளாறு மட்டுமே என்று அதிகாரி கூறினார். கேட்டியா? நீ ஆக்கும் பெரிய டாக்டர்."

அதே பக்கத்தில், கீழே, கடப்புறத்துக்குப் போய்வந்த ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்: பரிசோதனை முடியுமுன் காலரா இல்லை என்று சொல்வது ஆபத்து, மதராசிலும் வங்காளத்திலும் புதுவகைக் காலரா பரவுகிறது, அது உலகையே சுற்றி வரலாம். அப்பா அதை வாசிக்கவில்லை. நான் வாசித்தேன். அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த மனிதர்!

ஏப்ரல் 25, ஞாயிறு

மே ஒன்பதாம் தேதி கோயில் அசனம். சபை முழுவதும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். சபைச் செயலாளர் என்ற முறையில் அப்பாதான் அறிவித்தார். கூடவே, வறண்டு கிடந்த கோயில் கிணறு மறுபடி நிறைந்ததற்கு நன்றி சொன்னார். "கர்த்தர் ஊற்றைத் திறந்தார்." எல்லோரும் ஆமென் என்றார்கள்.

திறந்தது கால்வாயை. போன வாரம் அணைத் தண்ணீர் விட்டார்கள், கிணற்றில் ஊறுகிறது. அந்தக் கால்வாயில்தான் மாடு குளிப்பாட்டுவது, பிள்ளைகளின் துணி அலசுவது எல்லாம். நானும் ஆமென் சொன்னேனா? வாய் பழக்கத்தில் சொல்லியிருக்கும்.

ஏப்ரல் 28, புதன்

லில்லிக்குட்டியக்கா வந்தாள். கறுப்புச் சேலை. கூடையை இறக்குமுன் பக்கத்து வீட்டு விஜயம்மா சித்தி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏட்டி லில்லி, அங்ஙனயே நில்லு. காலரா கெடக்குத எடத்து மீனு எங்களுக்கு வேண்டாம்."

"காலரா இல்லேன்னு உங்க பேப்பர்ல உண்டாமே? பின்ன எனக்க கூடைக்குள்ள மட்டும் எங்கயிருந்து வந்துது?"

சித்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அம்மா வாசலுக்கு வரவே இல்லை. இன்னும் இரண்டு வீட்டிலும் இதே கதை. கூடை நிறைய நெத்திலியோடு திரும்பிப் போனாள். செத்துப்போன தம்பியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன்.

அசனம் நடக்க வேண்டுமா, காலரா இல்லை. மீன்காரியைத் துரத்த வேண்டுமா, காலரா உண்டு. என்ன மனிதர்கள்!

ஏப்ரல் 30

காரோட்டிலும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள். அப்படியானால் கடப்புறத்தில் மட்டுமல்ல. அப்பா: "அங்கயும் கடலு உண்டே."

மே 3, திங்கள்

கமிட்டி எங்கள் வீட்டில் கூடியது. காப்பி கொண்டுபோன நான் தட்டோடு நின்று சொல்லிவிட்டேன்: அசனத்தை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். முடியாவிட்டால் ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கனகதாஸ் மாமா சிரித்தார். "சார், ஒமக்க மகளுக்குக் கல்யாணம் பேசும். புத்தகம் தலைக்கேறியிருக்கு."

பெண்கள் சங்கத்துக்காக வந்திருந்த விஜயம்மா சித்திதான் கை கொடுத்தாள். "பிள்ளை சொல்லுததுல என்ன குத்தம்? சீரகம் போட்டு அண்டா நெறயக் கொதிக்க வச்சாப் போச்சு. கொள்ளிவெறகு எனக்க பறம்புல உண்டு."

ஒப்புக்கொண்டார்கள். தள்ளிவைக்கவில்லை, ஆனால் கொதித்த தண்ணீர். இன்று நான் தோற்கவில்லை.

மே 9, ஞாயிறு

விடியற்காலமே சித்தி அண்டாவைக் கொதிக்க வைத்துவிட்டாள். முதல் பந்தி உட்கார்ந்தபோதும் தண்ணீரில் ஆவி. பந்தலுக்குள் தகரச் சூடு, இறைச்சிக் கறியின் எரிவு. டம்ளரைத் தொட முடியாமல் எல்லோரும் முணுமுணுத்தார்கள். நான் மறுபக்கம் சோறு விளம்பிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், பாட்டுக்குழு சிபி கிணற்றிலிருந்து வாளி வாளியாக இறைத்து அண்டாவுக்குள் ஊற்றுகிறான். அப்பா பக்கத்தில் நின்று போதுமா என்று விரல் விட்டுப் பார்க்கிறார்.

ஓடிப்போய் வாளியைப் பிடித்தேன். தண்ணீர் என் சேலையெல்லாம் கொட்டியது.

"கொதிச்சதுல சேந்தா அதுவும் கொதிச்ச வெள்ளம் ஆக்கும். விடு" என்றார் அப்பா.

இல்லையப்பா, இல்லை, கிருமி அதில் சாகாது, ஊற்றியது ஊற்றிய மாதிரியே இருக்கும் — கத்தினேன். பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ சிரித்தார்கள். சித்தி வந்து என் தோளைப் பிடித்தாள். சண்டையை முடிக்கத்தான். ஒரு டம்ளர் மொண்டு குடித்துக் காட்டினாள்.

"குடிச்சாச்சு. ராத்திரி பேயா வந்து ஒனக்க கட்டில்ல இருக்கேன், போ பிள்ளே."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பந்தி உட்கார்ந்தது.

மே 10

நெய்யாற்றின்கரையிலிருந்து வரத் தாமதம். சித்திக்கு வயிறு சரியில்லையாம். "எறைச்சி ஒத்துக்கல்ல. இப்பம் ஒறங்குதா, போய்ச் சல்லியப்படுத்தாத" என்றார் அப்பா. காலையில் பார்க்க வேண்டும்.

மே 11, செவ்வாய்

சித்தி இறந்துவிட்டாள்.

கண் இரண்டும் குழிக்குள். விரல்கள் துணி துவைத்த கை மாதிரிச் சுருங்கி. இறைச்சி இதைச் செய்யுமா? நேற்றே நான் ஏன் போகவில்லை? ஏன் அவர் சொன்னதை நம்பினேன் — அவர் சொன்ன எதையும் நம்பாத நான்!

புருஷன் துபாயில். பதினேழு வயது ரெஷ்மா மட்டும் தலைமாட்டில். வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "சுகர் உண்டு. சுகர்ல போச்சு."

மே 13, வியாழன்

அசனத்தில் சாப்பிட்ட வீடுகளில் பாதியில் யாராவது படுத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் இறைச்சி ஒத்துக்கொள்ளவில்லையாம். இறைச்சி தொடாத எலியா உபதேசியாருக்கும்!

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வயிற்றுப்போக்குக் கணக்கெடுக்க வீடுவீடாக வந்தார். "இவிடெ ஆர்க்கும் வயறிளக்கம் உண்டோ?" "ஒண்ணும் இல்ல சாறே" என்றார் அப்பா. கோயில் பக்கம்? இல்லை. சாவு? "அது சுகர்."

கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கால்வாய், கிணறு, அண்டா, வாளி. சித்தி. படுத்திருப்பவர்களின் பெயர்கள். அவர் எழுதிக்கொண்டார், அப்பாவைப் பார்க்காமல்.

ஜீப் போனபிறகு அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சபையை வித்துப்போட்டா."

மே 15

கிணற்றில் மருந்து போட்டு மூடிவிட்டார்கள். கண்டது காலராவேதான் என்று அறிக்கை வந்துவிட்டது. கனகதாஸ் மாமா வீட்டில் இப்போது என்னைக் கண்டால் கதவு சாத்துகிறார்கள். சாத்தட்டும். அம்மா எதுவும் சொல்வதில்லை. எதற்கும் எதுவும் சொல்லாமல் இருபத்தைந்து வருஷம் எப்படி ஒரு மனுஷியால் இருக்க முடிகிறது?

மே 19, புதன்

ரெஷ்மா வந்தாள். அடுக்களைப் படியில் நின்றபடியே கேட்டாள்.

"அக்கா, காலரான்னா வெள்ளம் குடுக்கணுமாமே? உப்பும் சீனியும் போட்டுக் குடுத்தா பிழைக்குமாமே?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"ஒங்க அப்பா சொன்னாரு, வெள்ளம் குடுத்தா பின்னயும் போவும், ஒரு சொட்டு குடுக்காதேன்னு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா பேரெழுதிக் கோயில பூட்டுவாங்கன்னும் சொன்னாரு. அம்மை வெள்ளம் வெள்ளம்னு கேட்டா அக்கா. நான் குடத்தத் தூக்கி வெளியில வச்சேன்."

என் அப்பா! நான் நெய்யாற்றின்கரையில் பிள்ளைகளுக்கு இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தபோது என் அப்பா மதிலுக்கு அந்தப் பக்கம் போய் இதைச் செய்திருக்கிறார். கால்வாய் தெரியும், அண்டா தெரியும், இது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அவள் கையைப் பிடித்து முன்னறைக்கு இழுத்துப் போனேன். "அப்பா, இவள் கேட்கிறாள். நீங்கள் சொல்லுங்கள்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். போட்டார். மறுபடி கழற்றினார்.

"நீ ஒண்ணும் செய்யேல்ல மக்கா. நான் சொல்லித்தான் செய்த. காலராதான். அன்னைக்கு ஒனக்க அம்மைக்க கையப் பிடிச்சப்பமே எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

ரெஷ்மா அழவில்லை. "அப்போ அத கோயில்ல எழும்பிச் சொல்லுங்க மாமா. அம்மைக்கு நீ என்னத்தக் குடுத்துக் கொன்னன்னு ஆளுவ என்னயல்லவா கேக்குதாவ."

"ஞாயிறு சொல்லுதேன்" என்றார்.

அம்மா அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு அடிபிடித்த வாசனை.

மே 23, ஞாயிறு

போனோம். அப்பா இஸ்திரி போட்ட சட்டை. ரெஷ்மா எனக்குப் பக்கத்தில், அம்மா எனக்கு முன் பெஞ்சில். போதகர் ஐயர் செயலாளரைக் கூப்பிட்டார். அப்பா எழுந்து நின்றார், தாளைப் பிரித்தார். வாலிபர் கூட்டம் புதன்கிழமை. கூரை வேலைக்கு ஓடு வேண்டும். கிணறு சீக்கிரம் திறக்கப்படும், ஜெபித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிறுத்தினார். எங்கள் பெஞ்சைப் பார்த்தார். ரெஷ்மா என் கையை இறுக்கினாள்.

"சுகர் வியாதியினால் கர்த்தருக்குள் நித்திரையடைந்த சகோதரி விஜயம்மாவின் குடும்பத்துக்காகவும்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

ரெஷ்மா எழுந்தாள். நடுவழியே நடந்து வெளியே போனாள். நானும் எழுந்தேன். எத்தனை தலை திரும்பியது என்று பார்க்கவில்லை.

வெளியே நல்ல வெயில். உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. சிபியின் குரல்தான் எப்போதும்போல முந்தியது. இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம். முதல் சரணம் முடியுமுன் பக்கக் கதவு திறந்தது.

அம்மா. பாட்டுப் புத்தகத்தை மூடிக்கூட வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். ரெஷ்மாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள்.

"வா மக்கா," என்றாள், "வீட்டுக்குப் போவலாம்."